மலையிலிருந்து தாமதமாக வருகிறவர்களுக்காக ஒரு மடல்

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சிறுமலையில் பிறந்து, பிழைப்புக்காகத் திண்டுக்கல்லில் குடியேறியவர்களில் நானும் ஒருவர். 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றில் உங்களுடையதும் ஒன்று. ஆண்டுக்கு 150 பேர் அதில் சேர்கிறீர்கள். அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பிடித்து வந்தவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எழுதப்போவதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். மீதிப் பேர் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மலையிலிருந்து வருகிற நோயாளி தாமதமாக வரும்போது, அந்தத் தாமதத்தையும் நோயோடு சேர்த்து விசாரியுங்கள். காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறீர்கள். அத்தனை நாளும் அவர் ஏன் மலையிலேயே இருந்தார் என்பதையும் அதே அக்கறையோடு கேட்டு, கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

திண்டுக்கல்லின் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் சிறுமலை தெரியும். ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். நத்தம் சாலையில் போய்த் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய்விட்டு மாலைக்குள் திரும்பும் இளைஞர்களுக்கு அது ஒரு மணி நேர வழி. ஆனால் மலையில் வாழ்கிறவர்கள் எல்லோரும் அந்தச் சாலையின் ஓரத்தில் வாழவில்லை. சாலையை விட்டு இறங்கினால் எஸ்டேட்டுகள். வாழை, காப்பி, மிளகு, எலுமிச்சை, பலா, சௌசௌ. தோட்டத்திலிருந்து சாலைக்குப் பொதி ஏற்றிவருவதற்கு இன்றைக்கும் குதிரைகளை நம்பியிருக்கும் மலை இது. வாழைத்தாரே குதிரை முதுகில்தான் வரவேண்டும் என்றால், வயிற்றுவலியில் துடிக்கும் மனுஷி எப்படி வருவாள் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டக் காவலுக்குக் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள், கூலிக்கு வந்து தற்காலிகச் சாளையில் படுத்திருப்பவர்கள், காட்டோரத்தில் குடியிருக்கும் பளியர்கள் எல்லோருக்கும் திண்டுக்கல் 25 கிலோமீட்டர் தொலைவில் இல்லை. முதலில் நடை. பிறகு பஸ்ஸுக்குக் காத்திருப்பு, அல்லது வாடகை ஜீப்புக்குப் பேரம். அதற்குப் பிறகுதான் அந்த 25 கிலோமீட்டர் தொடங்குகிறது.

கணக்கை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அரசு மருத்துவமனையில் வைத்தியத்துக்குக் காசு கிடையாது. பெரிய அறுவை சிகிச்சை என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, பெயர் மாறி, வளர்ந்து, ஏழைக் குடும்பங்கள் பலவற்றைக் காப்பாற்றிய திட்டம் அது. ஆனால் மலையில் இருப்பவர்களுக்குச் செலவு மருத்துவமனை வாசலுக்கு வெளியிலேயே ஆகிவிடுகிறது. நோயாளிக்கு ஒரு நாள் கூலி போச்சு. தனியாக அனுப்ப முடியாது, துணைக்கு வருகிறவருக்கும் கூலி போச்சு. போகவர வண்டிச் செலவு, இரண்டு பேருக்குச் சாப்பாடு. வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளையும் ஆட்டையும் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வரவேண்டும். இவ்வளவும் செய்து ஓ.பி. வரிசைக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று ஆகியிருக்கும். "சுகர் பார்க்கணும், வெறும் வயித்துல ரத்தம் எடுக்கணும், நாளைக்குக் காலையில வாங்க." சொல்கிறவருக்கு அது ஒரு வரி. கேட்கிறவருக்கு இன்னொரு முழு நாள் கூலி, இன்னொரு ஜீப், அல்லது பஸ் ஸ்டாண்டில் ஓர் இரவு. பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை. வராதவரின் சீட்டில் 'தொடர் சிகிச்சைக்கு வரவில்லை' என்று எழுதப்படும். பிழை நோயாளியின் பேரில் விழும்.

சர்க்கரை நோய் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் சோதனைக்கு எல்லா நேரமும் வெறும் வயிறு தேவையில்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையை எந்த நேரத்திலும் எடுக்கலாம். மலையிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால், எடுக்க முடிந்த சோதனை எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்து, ஒரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பலாமே. இதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டாம். சீட்டில் இருக்கும் ஊர்ப் பெயரை வாசிக்கிற ஒரு மருத்துவர் போதும்.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகு பறிக்கும் காலம். காலில் முள் தைத்தது. அவருக்குச் சுகர் இருந்தது யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. புண் ஆறவில்லை. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். மிளகுப் பறிப்பு முடிந்தால்தான் வாங்கிய அட்வான்ஸ் கழியும். கழிந்த பிறகு கீழே இறங்கினார். அதற்குள் பாதம் கறுத்துவிட்டது. அவரைச் சேர்த்த மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், வார்டில் இருந்த அத்தனை பேரும் கேட்க, "இவ்வளவு நாள் என்னம்மா பண்ணிட்டு இருந்தே? காலு அழுகுற வரைக்கும் வீட்ல உக்காந்திருந்தியா?" என்று சத்தம் போட்டார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் இருந்தார். காலை இழந்ததைப் பற்றி அவர் பேசியதைவிட அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். வீட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று அந்தப் பையன் நினைத்துவிட்டானே என்பார். அவர் ஒரு நாளும் உட்கார்ந்திருந்தவர் இல்லை.

அந்த மருத்துவர் கெட்டவர் இல்லை. நேரத்தோடு வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாமே என்ற ஆதங்கம்தான் அவரைக் கத்த வைத்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்குள்ளேயே அவருக்கு வேண்டிய பதிலும் இருந்தது. அதைக் கேள்வியாகக் கேட்காமல் வசவாகக் கேட்டதால் பதில் வரவில்லை. இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று மெதுவாகக் கேட்டிருந்தால், அட்வான்ஸ் பற்றியும், மிளகுக் கொடிக்குச் சார்த்திய ஏணியில் புண் காலோடு ஏறியதைப் பற்றியும், மேலே சுகர் பார்க்க யாரும் வராததைப் பற்றியும் அவர் தெரிந்துகொண்டிருப்பார். அடுத்த பெரியம்மாவின் கால் தப்பியிருக்கும்.

தாய்மாரின் சாவைப் பற்றி 1994-இல் சரீன் தாடியஸும் டெபோரா மெய்னும் எழுதிய ஆய்வு உங்கள் சமூக மருத்துவப் பாடத்தில் வரும். தாமதம் மூன்று இடங்களில் நேர்கிறது என்றார்கள். மருத்துவமனைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில். தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்வீர்கள். செய்யும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது தாமதம் உங்கள் பக்கத்தில் நடப்பது. அந்த மூன்றாவதைப் பற்றிய நினைவுதான் முதலாவதை உண்டாக்குகிறது. ஒருமுறை திட்டு வாங்கியவர், வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியவர், மதுரைக்குப் போ என்று அனுப்பப்பட்டு ராஜாஜி மருத்துவமனை வராந்தாவில் திசை தெரியாமல் நின்றவர், அடுத்த தடவை முடிவெடுக்க இன்னும் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். ஊர் முழுக்க அதைச் சொல்வார். ஊரே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.

தமிழ்நாடு மருத்துவத்தில் முன்னேறிய மாநிலம். இதை நான் பெருமையோடு சொல்கிறேன். 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54 பேர். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்தன. 1994-இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குவதை ஒழுங்குபடுத்தியதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இல்லை என்ற சொல் குறைந்தது. 2008 செப்டம்பரிலிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்தது. என் பெரியம்மா காலத்தில் அது இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் 99.6 என்ற எண்ணில் மீதமிருக்கும் 0.4 சதவீதத்தினர் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது தேடிப்போனால், அவர்கள் மாநிலம் முழுக்கச் சீராகச் சிதறிக் கிடக்க மாட்டார்கள். மலைகளில்தான் கிடைப்பார்கள். கோடிக்கணக்கானவர்களின் சராசரியில் நாற்பது வீடுள்ள ஒரு குடியிருப்பு கரைந்துபோகும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்றவள் பிள்ளையின் உடலைத் தூக்கிக்கொண்டு பல கிலோமீட்டர் நடந்தாள். வேலூர் வரைக்கும் போவானேன், நம் மாவட்டத்தையே பார்க்கலாம். கொடைக்கானல் மலையில் வெள்ளகவி, சின்னூர், பெரியூர் பக்கத்திலிருந்து நோயாளியைக் கம்பில் தூளி கட்டித் தோளில் சுமந்து பெரியகுளம் பக்கம் இறக்குகிற செய்தி வராத ஆண்டு இல்லை. டோலி என்று தலைப்பு போடுவார்கள், படம் போடுவார்கள். மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்டும் படம் என்றால் கொஞ்சம் பெரிதாகப் போடுவார்கள். அவ்வளவுதான். அவர்களோடு ஒப்பிட்டால் சிறுமலைக்குத் தார்ச்சாலை உண்டு, பஸ் உண்டு, மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையமும் உண்டு. நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். கொடுத்து வைத்தவர்களுக்கே இந்த நிலைமை என்றால் வெள்ளகவியை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாம்புக்கடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். மலையில் எங்கள் பயங்களில் அது முதலாவது. தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்களைக் கட்டுவிரியன் இரவில் கடிக்கும். வலி பெரிதாக இருக்காது, தடம்கூடத் தெரியாது. விடியும்போது வயிறு வலிக்கிறது என்பார், கண் இமை கீழே சரியும், பேச்சு குழறும். குடித்துவிட்டுப் படுத்தானோ, பேய் பிடித்ததோ என்று வீட்டார் குழம்புவார்கள். விரியன் கடியென்றால் வீக்கம், ரத்தம் உறையாமல் ஈறில் கசிவு. எந்தப் பாம்பு என்று தெரியாதபோது நீங்கள் செய்யும் சோதனையைப் போல எளிமையானது மருத்துவத்தில் குறைவு. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, சாய்த்துப் பார்ப்பது. உறையவில்லை என்றால் விரியன் விஷம் ரத்தத்தில் இறங்கிவிட்டது. மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். மலைமேல் எந்த நடுராத்திரியிலும் செய்யலாம்.

ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியும். விஷமுறிவு மருந்து போட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும். அந்தப் பயத்தில் தமிழ்நாட்டில் மட்டுமில்லை, நாடு முழுவதும் சிறிய மருத்துவ நிலையங்களில் ஊசி போடாமலே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. அப்படி அனுப்பினால் 18 வளைவு இறங்குகிற நேரம் முழுவதும் விஷம் வேலை செய்துகொண்டே இருக்கும். அட்ரினலின் ஊசியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு முதல் தவணையை மேலேயே ஏற்றி, மூச்சு தளர்ந்தால் ஆம்பு பையால் ஊதிக்கொண்டு கீழே கொண்டுவருவதுதான் முறை. இந்தத் துணிவைப் புத்தகம் தராது. பயிற்சிதான் தரும். உங்கள் பயிற்சிக் காலத்தில் ஒரு பாம்புக்கடி நோயாளிக்காவது முதல் குப்பியிலிருந்து கடைசிவரை பக்கத்திலேயே இருந்துவிடுங்கள். பிறகு எந்த மலைக்குப் பணிக்குப் போனாலும் கை நடுங்காது.

அந்த மருந்தைப் பற்றி இன்னொரு விஷயம். இந்தியாவில் செய்யப்படும் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பது, 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நாட்டில் பாம்பு கடித்துப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் பழங்குடியின் கைத்திறனில்தான் உயிர் பிழைக்கிறார்கள். அந்த மருந்து பழங்குடிக் குடியிருப்புக்குக் கடைசியாகப் போய்ச் சேருவது பெரிய அநியாயம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். கடித்த நேரத்துக்கும் முதல் ஊசி போட்ட நேரத்துக்கும் நடுவில் எத்தனை மணி போயிற்று, எங்கே போயிற்று என்பதையும் நீங்கள் எழுதிவைத்தால், மலையில் எந்தக் குடியிருப்புக்கு முதலில் சாலை வேண்டும் என்று கலெக்டருக்குச் சொல்ல வேறு ஆதாரமே தேவைப்படாது.

சிறுமலையின் மேற்கு அடிவாரத்தில், மதுரைச் சாலையில், காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்திரம் அம்மாவைப் பற்றி உங்கள் கல்லூரியில் யாராவது சொன்னார்களா? டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டு மூலைதான் விதி. அவர் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிறகு காந்தியின் சம்மதத்தோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். அவருக்கு இருந்த வசதிக்கு மதுரையிலோ சென்னையிலோ பெரிய ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம். 1947-இல் சின்னாளபட்டிப் பக்கத்தில், நெசவாளிகளும் விவசாயக் கூலிகளும் வாழ்ந்த இடத்தில், காந்திகிராமத்தைத் தொடங்கினார். சிறியதாகத் தொடங்கிய மகப்பேறு மனை கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆத்தூர் தொகுதியிலிருந்து சட்டமன்றம், திண்டுக்கல் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் என்று போனார், மத்தியத் துணை அமைச்சராகவும் இருந்தார். ஆனாலும் இந்தப் பக்கத்துப் பாட்டிமார்கள் அவரை டாக்டரம்மா என்றுதான் சொல்வார்கள்.

அந்தக் காந்திகிராம மருத்துவமனையில் பின்னாளில் வேலை பார்த்த ஓர் இளம் மருத்துவத் தம்பதி ரெஜி ஜார்ஜும் லலிதாவும். ஆலப்புழையில் படித்தவர்கள். வயிற்றுப்போக்கு மாதிரி, தடுத்திருக்கக்கூடிய நோய்களோடு நெடுந்தூரம் கடந்து வரும் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கே போவோம் என்று முடிவெடுத்தார்கள். 1993-இல் தர்மபுரி மாவட்டத்தில் கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அப்போது அங்கே ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இப்போது அது சுமார் 20. இதை அவர்கள் இருவர் மட்டும் செய்யவில்லை. அந்தந்த ஊர்ப் பெண்களையே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். யார் வீட்டில் குழந்தை எடை குறைகிறது என்று வெளியூர் மருத்துவருக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். சிட்டிலிங்கி பிழைத்தது அந்தப் பெண்களால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தப் பாதை தொடங்கியது சிறுமலையின் காலடியில் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

எல்லோரும் அவர்களைப் போல வாழ்நாளைக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. உங்களுக்கும் வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, மேற்படிப்புக் கனவு இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் கிராமம் ஒன்றில் வேலை பார்த்த மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் 'லான்செட்' இதழில் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று. சந்தையின் கையில் விட்டால் இது இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். அந்த விதி இங்கேயும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாடு அதை வளைக்க ஒரு வழி கண்டுபிடித்தது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம், மலை, தொலைதூரப் பகுதிகளில் வேலை செய்தால் கூடுதல் மதிப்பெண். அந்த ஒதுக்கீட்டுக்கு நீதிமன்றத்தில் ஆபத்து வந்தபோது மருத்துவர்கள் போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. மார்க்குக்காக மலைக்கு வருகிறார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். எதற்காக வந்தாலும் வாருங்கள். இரண்டு வருடம் இருந்துவிட்டுப் போனாலும் சந்தோஷம். போகும்போது மட்டும், யாருக்கு வலிப்பு, எந்த வீட்டில் காசநோய் மாத்திரை பாதியில் நிற்கிறது, எந்தப் பெண்ணுக்குப் போன பிரசவத்தில் ரத்தப்போக்கு என்று அடுத்து வருகிறவருக்கு எழுதிவைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு புது மருத்துவரிடமும் எங்கள் ஆட்கள் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லிச் சொல்லி அலுத்து, சொல்வதையே நிறுத்திவிடுகிறார்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டப்படி முதலாண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக் காலம் முழுவதும் பின்தொடர வேண்டும். கல்லூரிப் பேருந்து போய்வர வசதியான, சாலையோர ஊராகப் பார்த்து அந்தக் குடும்பங்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஒரு பகுதி மாணவர்களுக்காவது சிறுமலைக் குடும்பங்களைக் கொடுக்கும்படி உங்கள் சமூக மருத்துவத் துறையைக் கேளுங்கள். பழையூரிலும் புதூரிலும் நிற்காமல் எஸ்டேட்டுக்குள்ளும் பளியர் குடியிருப்புக்குள்ளும் இறங்குங்கள். நடந்துதான் போக வேண்டியிருக்கும். பயிற்சி மருத்துவராகும்போது சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் இருக்கிறது. அதில் சில நாட்களாவது மேலே தங்குங்கள். பகலில் வந்து முகாம் போட்டுவிட்டு நான்கு மணிக்கு இறங்கிவிடுகிறவர்களுக்கு மலையின் இரவு தெரியாது. சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி டார்ச்சோடு ஓடி 108-க்குப் போன் செய்வது என்னவென்று ஒருநாள் இரவு அங்கே இருந்தால்தான் தெரியும்.

பளியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தேன் எடுப்பதும் கிழங்கு அகழ்வதும் மூலிகை அறிவதும் அவர்களுக்குத் தலைமுறைப் படிப்பு. சஞ்சீவி மலையின் ஒரு துண்டு விழுந்து சிறுமலை ஆயிற்று என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மூலிகைக்காக வைத்தியர்கள் இன்றும் மலை ஏறுகிறார்கள். அந்த மூலிகைகளைக் காட்டில் அடையாளம் காட்டுகிறவர் கீழே ஓ.பி.யில் வந்து நிற்கும்போது 'ஏய்', 'வா', 'போ' என்று பேசப்படுகிறார். ஆதார் இருக்கா, கார்டு இருக்கா என்ற முதல் கேள்வியிலேயே பலர் திரும்பிவிடுகிறார்கள். உங்களால் ஆதார் வாங்கித்தர முடியாது. ஆனால் 'அய்யா, உட்காருங்க' என்று சொல்ல முடியும். பச்சிலை கட்டிவந்தால் பிடுங்கி எறியாமல், என்ன இலை, எத்தனை நாளாக, எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்க முடியும். அப்படிக் கேட்ட மருத்துவரிடம் அவர் அடுத்த தடவை முதல் நாளிலேயே வருவார்.

எங்கள் மலைவாழைக்கு ஒரு காலத்தில் முடிக்கொத்து நோய் வந்தது. தோட்டம் தோட்டமாக அழிந்தது. அப்போது வேளாண் விஞ்ஞானிகள் மலையேறி வந்தார்கள். மண்ணைப் பார்த்தார்கள், அசுவினியைப் பார்த்தார்கள், நோயில்லாத கன்றைத் திசு வளர்ப்பில் உண்டாக்கினார்கள். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாழை ஏன் தாமதமாகச் சொன்னது என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. நோய் எங்கே தொடங்குகிறது என்று தேடி வந்தார்கள். மனிதர்களுக்கும் அப்படி வாருங்கள் என்று கேட்கிறேன்.

அடுத்த முறை திண்டுக்கல் மருத்துவமனையில் சிறுமலைக்காரர் ஒருவர் தாமதமாக வந்து உங்கள் முன்னால் நிற்கும்போது, அவர் எத்தனை மணிக்குக் கிளம்பினார், எப்படி வந்தார், யாரை விட்டுவிட்டு வந்தார் என்று கேளுங்கள். அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். எழுதியதை உங்கள் துறைத் தலைவரிடமும், முடிந்தால் மாவட்டச் சுகாதார அலுவலரிடமும் கொடுங்கள். சிறுமலையில் தொடங்கி, வெள்ளகவி வரைக்கும் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மலைக்காரர் ஒருவர்
திண்டுக்கல்